நிணவணுக்களின் இரு குலங்கள்

இரத்தம் என்றால் சிவப்பு என்றே சொல்லிப் பழகியவர்கள் நாம். 1845ஆம் ஆண்டில் பெர்லின் மருத்துவர் ருடால்ஃப் விர்க்கோ, ஒரு நோய்க்கு 'வெள்ளை இரத்தம்' என்று பெயரிட்டார். இறந்தவரின் நாளங்களில் வெள்ளணுக்கள் அளவிறந்து பெருகியிருக்கக் கண்டு இட்ட பெயர் அது. இரத்தப் புற்றுநோய் என நாம் வழங்குவது அதனையே.

வெள்ளணுக்களுள் ஒன்று நிணவணு. நுண்நோக்கியில் உருண்டையாய், ஒன்றைப்போல் மற்றொன்றாய்த் தோன்றும். சீருடையணிந்து சபைகூடலில் நிற்கும் மாணவரைத் தொலைவிலிருந்து பார்ப்பவர் கருதுவதுபோல, அறிஞரும் அவற்றை நெடுங்காலம் ஒரே குலமென்றே கருதினர்.

அம்மயக்கத்தைத் தீர்த்தவை கோழியும் சுண்டெலியும் ஆகும். கோழியின் வாற்புறத்தில் 'பர்சா' என்றொரு பை உண்டு. அதனை அகற்றினால் நோயெதிர்ப் பொருள் உண்டாவது குன்றும் என்பதை புரூஸ் கிளிக் 1956இல், கோழி வளர்ப்பு ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். மருத்துவ உலகம் அதனை உடனே கண்டுகொள்ளவில்லை! 1961இல் ஜாக் மில்லர், பிறந்த சுண்டெலிக் குட்டிகளின் மார்பிலுள்ள தைமசுச் சுரப்பியை நீக்கினார். அவை அயல் தோலையும் தம் தோலாக ஏற்றுக்கொண்டன. பர்சாவின் பெயரால் 'பி' அணுவும், தைமசின் பெயரால் 'டி' அணுவும் இவ்வாறு பிரிந்தன. மனிதருக்குப் பர்சா இல்லை. நம் பி அணு எலும்பு மச்சையில் பிறக்கிறது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

நலமுள்ள பெரியவரின் இரத்த நிணவணுக்களில் நூற்றுக்கு 60 முதல் 80 வரை டி வகை; 5 முதல் 20 வரை பி வகை; எஞ்சியவை பெரும்பாலும் இயற்கைக் கொல்லி அணுக்கள். நிணவணுப் புற்றில் ஒரே தாயணுவின் வழித்தோன்றல்கள் பெருகி இவ்விகிதத்தைக் குலைக்கின்றன. எக்குலத்தணு என்பதை அறிய, 1970களில் நோயாளியின் அணுக்களோடு ஆட்டின் செவ்வணுக்களைக் கலந்தனர். டி அணுவாயின் செவ்வணுக்கள் அதனைச் சூழ்ந்து பூவிதழ்போல் ஒட்டிக்கொள்ளும்.

இவ்வறிவு தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கு என்ன செய்தது? தங்கையை 1923இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், 1954இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் எழுந்தது. மறு ஆண்டு அங்குச் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021இல் மறையும்வரை அதனைவிட்டு நீங்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் இந்தியாவில் நிணவணு இரத்தப் புற்றுக்கு ஆளான குழந்தைகளுள் பிழைத்தோர் ஐவரில் ஒருவரே. மேலைநாடுகளைவிடக் கடுமையான டி வகையின் பங்கு இங்கு மிகுதி என்பதும் பின்னர்த் தெரிந்தது. அமெரிக்க மருத்துவர் இயன் மக்ராத்தோடு இணைந்து, 1984 முதல் அடையாற்றிலும், பின்னர் மும்பையிலும் தில்லியிலும் ஒரே மருத்துவ முறை கையாளப்பட்டது. நான்காண்டு கடந்தும் நோய் மீளாது வாழ்ந்தோர் நூற்றுக்கு 41 முதல் 60 வரை உயர்ந்தனர்.

மலேசியாவும் சிங்கப்பூரும் 2002இல் கூட்டாகத் தொடங்கிய மருத்துவ ஆய்வு இன்னும் நுட்பமானது. சிகிச்சைக்குப்பின் பத்தாயிரம் அணுக்களில் ஒரே ஒரு புற்றணு ஒளிந்திருந்தாலும், அதன் மரபணு அடையாளத்தால் கண்டுபிடித்து, ஒவ்வொரு குழந்தைக்கும் மருந்தின் கடுமையைக் கூட்டினர் அல்லது குறைத்தனர். அதில் பங்குபெற்ற 556 பேருள், ஆறாண்டுக்குப்பின் நோய் மீளாதிருந்தோர் நூற்றுக்கு 80க்குச் சற்று மேல்.