பள்ளியை விட்டு நிற்காத பிள்ளைகள்

பள்ளிக்கூடங்களின் வரலாற்றை எழுதுவோர் அவற்றில் சேர்ந்தவர்களையே பெரிதும் கணக்கிடுவர். இடையில் நின்றவர்களை எண்ணுவோர் சிலரே. பதிவேட்டில் ஒரு பிள்ளையின் பெயரை அடிக்க நேர்ந்த ஆசிரியர் எவரும், “இவன் ஏன் நின்றான்?” என்று வருந்தாதிரார். அதனினும் பயனுள்ள வினா ஒன்றுண்டு. நின்றுவிடக்கூடும் என்று கருதப்பட்டவர்களில் சிலர் தொடர்ந்து படித்தது எதனால்? இதற்கு விடை காண விழைவார்க்கு ஐக்கிய அமெரிக்காவின் மாற்று உயர்நிலைப் பள்ளிகளின் வரலாறு நல்ல துணையாகும்.

கலிபோர்னியா மாநிலம் 1919-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. வேலைக்குச் சென்றுவிட்ட, 18 வயது நிரம்பாத பிள்ளைகள் வாரத்தில் 4 மணி நேரமாவது கல்வி பெறவேண்டும் என்பது அதன் விதி. இவ்வாறு எழுந்தவையே தொடர்கல்விப் பள்ளிகள். உழைக்கும் பிள்ளைக்குக் கைகொடுக்கப் பிறந்த அவை, காலப்போக்கில், பெரிய பள்ளிகள் தமக்கு வேண்டாதவரை அனுப்பிவைக்கும் இடங்களாகவும் மாறின.

இதற்கு மாறான முயற்சி பிலடெல்பியா நகரில் 1969-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிற்று. பார்க்வே திட்டம் என்பது அதன் பெயர். ஜான் பிரெமர் அதன் முதல் இயக்குநர். அப்பள்ளிக்குத் தனிக் கட்டடம் இல்லை. நகரின் அரும்பொருட் காட்சியகங்களும் அலுவலகங்களுமே வகுப்பறைகளாயின. விரும்பி விண்ணப்பித்தவர்களிலிருந்து சீட்டுக் குலுக்கி மாணாக்கரைத் தேர்ந்தனர். ஒவ்வொரு மாணாக்கரும் ஏறத்தாழ 15 பேர் கொண்ட ஒரு சிறு குழுவில் இடம்பெற்றார்; அக்குழுவுக்கென ஓர் ஆசிரியர் இருந்தார்.

நியூயார்க் நகரின் கிழக்கு ஹார்லெம் பகுதி ஏழைகள் மிகுந்த இடம். அங்கே டெபரா மையர் அம்மையார் 1985-இல் சென்ட்ரல் பார்க் ஈஸ்ட் இடைநிலைப் பள்ளியைத் தொடங்கினார். அங்கும் சிறு குழுவும் அதற்குரிய ஆசிரியரும் உண்டு. மாணாக்கர் வாரத்தில் சில மணி நேரம் ஊர்ப்பணி செய்தனர். பள்ளியை முடிக்க, 14 துறைகளில் தாம் செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டி, அவற்றுள் ஏழினை ஒரு குழுவின் முன் விளக்கவேண்டும். பாடத்தை எளிதாக்கிப் பிள்ளைகளைப் பிடித்துவைக்கவில்லை என்பதை இங்கே கருதுதல் வேண்டும்.

கேரி வேலேஜ் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் இத்தகைய பள்ளிகள் 14-ஐ ஆராய்ந்து 1989-இல் ஒரு நூல் வெளியிட்டனர். பள்ளியோடு ஒட்டமுடியாமை, பாடத்தின் கடுமை, வீட்டு வாழ்வும் பள்ளி வாழ்வும் பொருந்தாமை, தனிமை ஆகிய நான்கும் பிள்ளையை வெளியே தள்ளுகின்றன என்று அவர்கள் கண்டனர். “இது என் பள்ளி” என்ற எண்ணம் வேரூன்றிய இடத்தில் மாணாக்கர் நிலைத்தனர். அவ்வெண்ணம் தானே முளைப்பதன்று. ஆசிரியர் விதைக்க வேண்டியது.

மேரி ஆன் ரேவிட் என்னும் அறிஞர் 1994-இல் இப்பள்ளிகளை மூவகையாகப் பிரித்தார். பிள்ளைகள் தாமே விரும்பிச் சேர்பவை ஒருவகை. தண்டனையாக அனுப்பப்படுபவை மற்றொருவகை. குறைதீர்த்துத் திருப்பியனுப்புபவை மூன்றாம் வகை. அவற்றுள் முதல்வகையே பெரும்பயன் தந்தது. தண்டனைப் பள்ளிகளால் விளைந்த நன்மை மிகக் குறைவு. மூன்றாம் வகையில் திருந்திய பிள்ளைகளோ, பழைய பள்ளிக்குத் திரும்பியதும் பழைய நிலையையே அடைந்தனர். அப்படியாயின், குறை பிள்ளையிடம் மட்டுமா இருந்தது?

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே. பெரிய கட்டடமோ புதுமைக் கருவியோ பிள்ளையைப் பள்ளியில் நிறுத்துவதில்லை. தன் பெயரும் வீட்டுநிலையும் அறிந்த ஓர் ஆசிரியர், தன்னால் இயலும் என்று நம்பித் தரப்படும் கடினமான வேலை, தானே தேர்ந்த இடம் என்னும் மதிப்பு ஆகிய இம்மூன்றுமே நிறுத்துகின்றன. ஒரு பிள்ளை இரண்டு நாள் வராதபோது, மூன்றாம் நாள் அவன் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு எந்தச் சட்டமும் வேண்டியதில்லை. பதிவேட்டில் பெயரை அடிக்குமுன் நாம் அதைச் செய்தோமா என்று ஆசிரியர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளல் நன்று.