கம்பம் முதல் வீடு வரை: வடசென்னையின் ஓரத்தில் வீட்டு இணையம்

கொசஸ்தலை ஆறு எண்ணூர்க் கழிமுகத்தை நெருங்கும் தாழ்நிலத்தில், சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் நிறைந்த மணலிக்கு அருகே, பர்மாவிலிருந்து திரும்பியோர் குடியேறிய பர்மா நகரையும் இருளர் குடியிருப்பையும் ஒட்டி அமைந்திருக்கும் சடையங்குப்பம், நகரம் என்றோ கிராமம் என்றோ முழுதாகச் சொல்ல இயலாத நிலப்பகுதியாகவே நெடுங்காலம் இருந்து வந்திருக்கிறது. இத்தகைய ஓரப்பகுதிகளுக்கு வீட்டு இணையம் வந்த வரலாற்றை, வழக்கமாகச் செய்வதுபோல வேகம் பெருகிய கதையாக மட்டும் எழுதினால் அதில் பாதி விடுபட்டுப்போகும். ஒரே நிறுவனத்தின் இணைப்பைப் பல ஆண்டுகள் வைத்திருந்த குடும்பங்களுக்கு, விநாடிக்கு எத்தனை கிலோபிட் என்ற எண்ணைவிட, இணைப்பு அறுந்தபோது அதைச் சரிசெய்ய யார் வந்தார், எத்தனை நாளில் வந்தார் என்பதே பெரிதாக இருந்தது.

நெடுந்தொலைவு இணைப்புக்குச் சென்னையில் ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. 1871இல் இந்நகரிலிருந்து பினாங்கு வழியே சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி இடப்பட்டது; 1981இல் அதே பினாங்குக்குத் தொலைபேசி உரையாடல்களைச் சுமக்கும் வடம் போடப்பட்டது; 2002இல் பார்தி நிறுவனமும் சிங்டெல் நிறுவனமும் சேர்ந்து சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே அமைத்த ஐ2ஐ வடம், விநாடிக்கு 8.4 டெராபிட், அதாவது எட்டு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட பிட்டுகளைக் கடத்தும் கொள்ளளவுடன் திட்டமிடப்பட்டிருந்தது. உலகின் பெரும் வடங்கள் கரையேறும் ஊராகச் சென்னை விளங்கிய அதே காலத்தில், அவ்வூரின் வடக்கு ஓரத்து வீடுகளின் நிலையைத் தீர்மானித்தது தொலைத்தொடர்புத் துறையினர் ‘கடைசி மைல்’ என்று குறிப்பிடும் பகுதியே ஆகும். தொலைபேசி நிலையத்திலிருந்து தெருமுனைப் பெட்டிக்கும், அங்கிருந்து கம்பத்திற்கும், கம்பத்திலிருந்து வீட்டுச் சுவருக்கும் வந்து சேரும் கம்பியைத்தான் அச்சொல் குறிக்கிறது.

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் என்ற அரசு நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியபோது, பம்பாய், டெல்லி, கல்கத்தா ஆகியவற்றோடு சென்னையும் முதல் நகரங்களில் ஒன்றாக இருந்தது. படங்களுடன் இணையத்தைக் காட்டும் கணக்கிற்கு 250 மணி நேரத்துக்கு 15,000 ரூபாய் என்ற கட்டணமும், விநாடிக்கு 9.6 கிலோபிட் என்ற வேகமும், தொலைபேசி எண்ணைச் சுழற்றி இணையத்தை அடையும் ‘டயல்-அப்’ முறையும் அதன் இயல்புகளாக இருந்தன. எனவே இணையத்துக்கு முன்நிபந்தனை வீட்டில் தொலைபேசி இருப்பது. தொலைபேசிக்கோ ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் பட்டியல் நீண்டிருந்த நாடு இது. பம்பாயும் டெல்லியும் 1986இல் எம்டிஎன்எல் என்ற தனி நிறுவனத்தின் கீழ் சென்றபோது, சென்னை அவற்றோடு சேர்க்கப்படாமல் தொலைத்தொடர்புத் துறையின் நேரடிப் பிரிவான ‘சென்னைத் தொலைபேசி’யின் பொறுப்பிலேயே தொடர்ந்து, 2000 அக்டோபர் 1 அன்று பிஎஸ்என்எல் உருவானபோது அதன் வட்டங்களுள் ஒன்றாயிற்று.

1998 நவம்பரில் தனியாருக்கு வழி திறக்கப்பட்டதும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே முதலில் வந்தது. டிஷ்நெட் நிறுவனம் தொலைபேசிக் கம்பியிலேயே தொடர் இணைப்பு தரும் டிஎஸ்எல் முறையை இந்நகரில் அறிமுகப்படுத்தியது. தொழிலாளர் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களைப் பொறுத்தவரை, இக்காலத்தின் இணையம் என்பது பெரும்பாலும் மணிக்கணக்கில் காசு கொடுத்து அமரும் ‘பிரவுசிங் சென்டர்’தான், தேர்வு முடிவும் வேலை விண்ணப்பமும் அங்கேதான் பார்க்கப்பட்டன.

வீட்டு இணையம் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் விலைக்கு வந்தது 2005இல்தான். முந்தைய ஆண்டில் வெளியான அகன்ற அலைவரிசைக் கொள்கை, விநாடிக்கு 256 கிலோபிட்டுக்குக் குறையாத தொடர் இணைப்பையே ‘பிராட்பேண்ட்’ என்று வரையறுத்தது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் ‘டேட்டாஒன்’ என்ற பெயரில் அதனை விற்கத் தொடங்கியது. மாதம் 250 ரூபாய்த் திட்டத்தில் 400 எம்பி மட்டுமே பதிவிறக்க முடியும். அதற்கு மேல் ஒவ்வொரு எம்பிக்கும் தனிக் கட்டணம் ஏறும். 500 ரூபாய்த் திட்டத்தில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை செய்யும் பதிவிறக்கம் கணக்கில் சேராது என்ற சலுகை வந்தபின், பதிவிறக்கத்துக்காகவே நள்ளிரவுக்குப் பின் கணினியை இயக்குவது ஒரு தலைமுறை இளைஞர்களின் வழக்கமாயிற்று. நாளின் எந்த நேரத்தில் வீடு விழித்திருக்க வேண்டும் என்பதைக் கட்டணத் திட்டம் ஒன்று முடிவுசெய்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இச்சேவை ஏடிஎஸ்எல் என்ற தொழில்நுட்பத்தால் இயங்கியது. குரல் செல்லும் அதே செப்புக் கம்பியில், குரலுக்குப் பயன்படாத உயர் அதிர்வெண்களில் தரவை அனுப்பி, வீட்டில் ‘ஸ்பிளிட்டர்’ என்னும் சிறு பெட்டியால் இரண்டையும் பிரிப்பதே அதன் முறை. கம்பியின் நீளம் கூடக்கூட உயர் அதிர்வெண்கள் தேய்ந்துபோவதால், நிலையத்துக்கு அருகில் உள்ள வீடும் சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீடும் ஒரே கட்டணம் செலுத்தி வெவ்வேறு இணையத்தைப் பெற்றன. கம்பிக்கு மற்றொரு பகை ஈரம். நிலையத்திலிருந்து புறப்படும் பெருவடம் சாலையோரத்துப் ‘பில்லர்’ பெட்டியில் கிளைத்து, கம்பத்தின் ‘டிபி’ பெட்டியில் மீண்டும் கிளைக்கும். ஒவ்வொரு கிளையிலும் இரு கம்பிகள் முறுக்கி இணைக்கப்படும். உப்புக் காற்றும் தேங்கிய மழைநீரும் இந்த இணைப்புகளில் களிம்பு ஏற்றின. குரல் கரகரத்தாலும் பேசிவிட முடியும், ஆனால் அதே கரகரப்பில் இணையம் நின்று நின்று வரும். ஆகவே ‘போன் வேலை செய்கிறது, நெட் மட்டும் இல்லை’ என்ற முறையீடு அக்காலத்துப் புகார்களில் ஒரு தனி வகையாகவே அமைந்தது.

புகாருக்கு 198 என்ற எண் இருந்தது. அதை அழைத்தால் ஒரு பதிவெண் கிடைக்கும். அப்பதிவெண் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து அந்தப் பகுதியின் லைன்மேனிடம் சேரும். எந்தக் கம்பத்தில் எந்த இணைக்கம்பி யாருடையது என்ற அறிவு பெரும்பாலும் லைன்மேனின் நினைவில்தான் இருந்தது. ஒருவர் மாற்றலாகிப் போனால் அந்த வரைபடமே தெருவை விட்டுப் போயிற்று. இதனால் நீண்டகால வாடிக்கையாளர்கள் பலரும் 198ஐ விட்டு, லைன்மேனின் கைப்பேசி எண்ணையே நேரடியாக அழைக்கப் பழகினர். வேலை விரைந்து நடந்தது. ஆனால் இந்தப் பழக்கத்துக்கு ஒரு மறைவான விலையும் இருந்தது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2006இல் பிராட்பேண்டுக்கான சேவைத்தர விதிகளை வெளியிட்டது. பழுதுகளில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை அடுத்த வேலை நாளுக்குள் சரிசெய்யப்பட வேண்டும் என்றும், மூன்று வேலை நாட்களைத் தாண்டிய பழுதுக்கு ஏழு நாள் வாடகையும், ஏழு நாட்களைத் தாண்டினால் பதினைந்து நாள் வாடகையும், பதினைந்து நாட்களைத் தாண்டினால் ஒரு மாத வாடகையும் கழித்துத் தரப்பட வேண்டும் என்றும் அவை கூறின. நாட்கணக்கைவிடக் கூடுதலாகக் கழித்துத் தரச் செய்யும் இவ்விதி, வாடிக்கையாளர் பக்கம் உறுதியாக நின்ற ஒன்று. ஆனால் நாட்களை எண்ணுவதற்குப் பதிவான புகார் வேண்டும். லைன்மேனோடு பேசி முடித்த பழுதுக்குப் பதிவு கிடையாது. ஆகவே அடிக்கடி அறுந்த ஓரத்துத் தெருக்கள் ஆவணங்களில் பழுதற்ற தெருக்களாகத் தோன்றியிருக்க வாய்ப்பு மிகுதி.

நீதிமன்ற வழியும் இக்காலத்தில் குறுகியது. 2009 செப்டம்பரில் பொது மேலாளர், தொலைத்தொடர்பு எதிர் எம். கிருஷ்ணன் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், தொலைபேசிக் கட்டணத் தகராறுகளுக்கு 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தின் 7பி பிரிவு நடுவர் தீர்ப்பைத் தனிவழியாக வகுத்திருப்பதால் நுகர்வோர் மன்றத்துக்கு அங்கே இடமில்லை என்று தீர்ப்பளித்தது. இதனைக் காட்டித் தனியார் நிறுவனங்களும் பல ஆண்டுகள் வாதிட்டன.

2011 அக்டோபரில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளை இங்கே சேர்த்து நோக்க வேண்டும். அம்மாதத்தில் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, மணலி, திருவொற்றியூர், கத்திவாக்கம் நகராட்சிகளோடு சடையங்குப்பம், இடையஞ்சாவடி, கடப்பாக்கம் போன்ற ஊராட்சிகளும் அதில் கரைந்தன. அதே மாதத்தில் ஒன்றிய அமைச்சரவை, நாட்டின் இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. பின்னாளில் அது பாரத்நெட் எனப்பட்டது. ஊராட்சி என்ற தகுதியை இழந்த ஊருக்கு ஊராட்சிகளுக்கான இழையில் பங்கு இல்லை. தனியார் நிறுவனங்களோ அடர்ந்த வாடிக்கையாளர் தொகை உள்ள அடுக்குமாடிப் பகுதிகளைத்தான் முதலில் நாடின. நிருவாக எல்லை ஒன்று மாறியதால் ஓரத்து ஊர்கள் இரு வரிசைகளிலும் பின்தள்ளப்பட்டன என்பதே இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத செய்தி.

இழை இறுதியில் வேறொரு கையால் வந்தது. 1990களில் தெருத்தெருவாகக் கம்பி இழுத்து, தலைமை அஞ்சலகத்தில் பதிவுசெய்து, மாதந்தோறும் வீட்டுவாசலில் நின்று பணம் வாங்கிய கேபிள்காரர், 2003 செப்டம்பரில் சென்னையில் செட்டாப் பெட்டி கட்டாயமானதையும் கடந்து நிலைத்திருந்தார். 2010களின் பிற்பகுதியில் பிஎஸ்என்எல் உட்படப் பல நிறுவனங்கள் இவர்களையே வருவாய்ப் பங்கு அடிப்படையில் இழை இணைப்பின் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டன. 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வுத் திட்டத்தில் 78,000க்கும் மேற்பட்ட பிஎஸ்என்எல் ஊழியர்கள் ஒரே நாளில் வெளியேறியபின், லைன்மேன் வகித்த இடம் நடைமுறையில் கேபிள்காரரிடம் போயிற்று. இரண்டே மாதத்தில் ஊரடங்கும் இணையவழி வகுப்பும் வந்தன. நாட்டின் கம்பிவழி பிராட்பேண்ட் இணைப்புகள் 2020 மார்ச்சில் சுமார் 1.9 கோடியாக இருந்து, நான்கு ஆண்டுகளில் 4 கோடியளவை எட்டின.

கண்ணாடி இழையில் களிம்பு ஏறாது, தொலைவால் வேகமும் குறையாது. ஆனால் கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் மெல்லிய இழை, கண்டெய்னர் லாரிகள் ஓயாது செல்லும் இப்பகுதியில் எளிதில் அறுபடக்கூடியது. அறுந்தால் வீட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், முறுக்கி ஒட்டும் வேலை இதில் நடவாது, இழை முனைகளை உருக்கி இணைக்கும் கருவியோடு ஒருவர் வர வேண்டும். இதைவிடப் பெரிய வேறுபாடு மின்சாரம். செப்புக் கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின்னோட்டம் நிலையத்து மின்கலங்களிலிருந்து கம்பி வழியாகவே வந்ததால், மின்தடையிலும் அது பேசியது. இழைக்கு இரு முனையிலும் மின்சாரம் வேண்டும். கொசஸ்தலை வெள்ளம் சூழ்ந்த 2015, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் ஓரத்து மக்களுக்கு வெளியுலகத் தொடர்பு மிகத் தேவைப்பட்ட நாட்களும் மின்சாரம் நிறுத்தப்பட்ட நாட்களும் ஒன்றாகவே அமைந்தன. வேகத்தில் பின்தங்கிய பழைய கம்பி, இந்த ஒரு குணத்தில் புதியதைவிட மேலானதாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

2022 பிப்ரவரியில் வோடஃபோன் ஐடியா எதிர் அஜய்குமார் அகர்வால் வழக்கில், தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியதால், 2009இல் அடைபட்ட வாயில் மீண்டும் திறந்தது. 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த டிராயின் புதிய சேவைத்தர விதிகள், மூன்று நாட்களைத் தாண்டிய கம்பிவழிப் பழுதுக்கு ஈடு தர வேண்டிய கடமையை முன்பணம் செலுத்தும் வாடிக்கையாளர்களுக்கும் விரித்திருக்கின்றன. ஆனால் கேபிள்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பும் செய்தி நிறுவனத்தின் புகார்ப் பதிவேட்டில் ஏறாதவரை, அந்த மூன்று நாள் எப்போது தொடங்கியது என்று காட்ட வாடிக்கையாளரிடம் ஆவணம் எதுவும் இருப்பதில்லை.