ஒராபி பாஷா கதையின் முற்பாதி

1883 ஜனவரியில் எகிப்திலிருந்து ஒரு கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தது. அதில் ஏழு பாஷாக்கள், அவர்களின் குடும்பத்தார், வேலைக்காரர். எழுவரில் முதன்மையானவர் அஹ்மத் ஒராபி. எகிப்து எகிப்தியருக்கே என்று எழும்பி, தெல் எல் கபீர்ப் போரில் ஆங்கிலேயப் படையிடம் தோற்று, நாடு கடத்தப்பட்டவர். கொழும்புச் சோனகர் துறைமுகத்தில் திரண்டு நின்று அவரை வரவேற்றார்கள்.

கண்டிப் பக்கத்தில் பிறந்த எங்களுக்கு இந்தக் கதை பாடப்புத்தகத்துக்கு முந்தியே தெரியும். மூத்தாப்பாமார் சொல்வார்கள், பள்ளிவாசல் பயானிலும் வரும். ஆனால் எப்போதும் ஒரே இடத்தில்தான் தொடங்கும்: 1882 ஜூலை 11, அட்மிரல் சீமோரின் போர்க்கப்பல்கள் அலெக்சாந்திரியாமேல் குண்டு பொழிந்த நாள்.

அது நடந்தது. அந்தக் குண்டுகளுக்குப் பின்னால் லண்டனிலும் பாரிசிலும் எகிப்தின் கடன் பத்திரங்களை வாங்கி வைத்திருந்தவர்களின் பணம் நின்றது என்பதும் உண்மை. 1880இல் எகிப்தில் வந்த ஒரு சட்டம் நாட்டு வருமானத்தில் ஏறக்குறையப் பாதியைக் கடனுக்கென்றே எடுத்து வைத்தது. வரலாறு படிப்பித்த காலமெல்லாம் இதை நான் ஒரு சொல்லும் குறைக்காமல் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகள் கோபப்பட்டார்கள். கோபப்பட வேண்டிய விஷயம்தான்.

அந்தக் கடன் எப்படி வந்தது என்ற கேள்வி மட்டும் பயானில் வருவதில்லை. அதற்கு 1863க்குப் போகவேண்டும். அந்த வருடம் இஸ்மாயில் ஆட்சிக்கு வந்தபோது அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. எகிப்தியப் பருத்திக்குப் பொன் விலை. 1865இல் போர் முடிந்து விலை விழுந்தது. இஸ்மாயிலின் செலவு விழவில்லை. ரயில் பாதை, வாய்க்கால், பள்ளிக்கூடம் என்று நல்லதும் செய்தார், அதை மறைக்கக்கூடாது. ஆனால் அரண்மனைகளும் 1869இல் கெய்ரோவில் திறந்த இசைநாடக அரங்கும் அதே கடனில்தான் எழும்பின. 1873இல் 3 கோடியே 20 லட்சம் பவுணுக்குக் கையெழுத்து வைத்தார். கைக்கு வந்தது ஏறக்குறைய 2 கோடி. கொடுத்தவன் கொள்ளைக்காரன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பேனை பிடித்த கை எங்கள் கை. 1875இல் சுயஸ் கால்வாயில் எகிப்துக்கு இருந்த பங்குகள் முழுவதையும் சுமார் 40 லட்சம் பவுணுக்கு பிரிட்டன் வாங்கிக்கொண்டது. அடுத்த வருடமே கஜானா வங்குரோத்து. வட்டியைக் கட்ட, பிந்திய வருடங்களின் வரியை முன்கூட்டியே கேட்டு, கசையால் அடித்து வாங்கினார்கள். அடி வாங்கியவன் நைல் கரை விவசாயி. அடித்தவனும் அந்த நாட்டான்தான்.

ஒராபி அப்படியொரு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய முதல் சண்டை வெள்ளைக்காரனோடு அல்ல. எகிப்தியப் பிள்ளை படையில் ஓரளவுக்கு மேல் உயர முடியாதபடி துருக்கிய, சர்க்காசிய அதிகாரிகள் வழியை மறித்து நின்றார்கள். 1881 செப்டெம்பரில் ஆப்தீன் அரண்மனைக்கு முன்னால் படையோடு நின்று அவர் நியாயம் கேட்டது தன் நாட்டு ஆட்சியாளர் தவ்ஃபீக்கிடம். அந்த தவ்ஃபீக்தான் மறு வருடம் ஆங்கிலேயரின் நிழலில் ஒதுங்கி ஒராபியைக் கலகக்காரன் என்றார். இஸ்தான்புல்லில் இருந்த சுல்தானும் அப்படியே அறிவித்தார். எங்கள் ஊரில் அந்த சுல்தானின் பெயரை மரியாதையோடு சொன்னவர்கள் இந்த அறிவிப்பைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

ஒராபியின் உயிரைக் காப்பாற்றப் பாடுபட்டவர் ஓர் ஆங்கிலேயர். வில்ஃபிரட் பிளண்ட் என்ற கவிஞர் பணம் திரட்டி, பிராட்லி என்ற வழக்கறிஞரை கெய்ரோவுக்கு அனுப்பினார். மரண தண்டனை நாடு கடத்தலாக மாறியதில் அவர்களுக்குப் பெரிய பங்குண்டு. பிளண்ட் பிறகு கொழும்புக்கே வந்து ஒராபியைப் பார்த்துவிட்டுப் போனார். இதை வகுப்பில் சொன்னால் பின்வாங்குப் பிள்ளைகள் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். பரவாயில்லை, மறு வருடமும் சொல்வேன்.

ஒராபி 1901இல் எகிப்துக்குத் திரும்பினார். வரவேற்க வேண்டிய தேசியவாதிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எகிப்தியக் கவிஞர் அஹ்மத் ஷௌக்கி வசைக்கவிதை எழுதினார். ஆங்கிலேயன் நாட்டுக்குள் வந்ததற்கு நீதான் காரணம் என்று பழியை அந்தக் கிழவர் தலையில் வைத்தார்கள். எல்லாப் பாரத்தையும் வெளியே ஒருவன்மேல் போட்டுப் பழகினால், வெளியே ஆள் கிடைக்காத நாளில் வீட்டுக்குள் ஒருவனைத் தேடிப் பிடிக்க வரும். எனக்கு இந்தக் கதையில் மிகவும் வலிப்பது இந்த இடம்தான்.

இலங்கையில் அவர் இருந்த பதினெட்டு வருடம் வேறுவிதமாகப் போயிற்று. அதற்குக் காரணம் அறிஞர் சித்திலெப்பை. கண்டியில் சட்டத்தொழில் செய்தவர்; ஒராபி வருவதற்குச் சில வாரம் முந்தித்தான் 'முஸ்லிம் நேசன்' என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். எகிப்துக்கு நடந்த அநியாயத்தைத் தமிழில் எங்கள் மக்களுக்குச் சொன்னவர் அவர். அதே பத்திரிகையில் தன் சமூகத்தையும் அவர் விடவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போனால் பிள்ளை மார்க்கம் மாறிவிடும் என்ற பயம் அன்று இருந்தது, காரணமில்லாத பயமும் அல்ல. ஆனால் அந்தப் பயத்தைச் சொல்லியே ஒரு தலைமுறையைக் கடையிலும் வீட்டிலும் உட்கார வைத்திருந்தோம். பயமென்றால் நாமே பள்ளிக்கூடம் கட்டுவோம், அங்கே ஆங்கிலமும் அறபும் தமிழும் படிப்பிப்போம் என்றார் சித்திலெப்பை. ஒராபி அவரோடு சேர்ந்துகொண்டார். தன்னைத் தோற்கடித்தவர்களின் மொழியைத் தானும் படித்தார்.

1884இல் கொழும்பில் தொடங்கிய முதல் பள்ளிக்கூடம் நிலைக்கவில்லை. எந்த ஆளுநரும் அதை மூடவில்லை. எங்கள் ஆட்களின் ஆதரவு போதவில்லை, அவ்வளவுதான். எட்டு வருடம் கழித்து, 1892 ஆகஸ்டில், மருதானைப் பள்ளிவாசல் வளவில் மறுபடி தொடங்கினார்கள். கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரிக்கார் இந்தமுறை முன்னின்றார். ஒராபி புரவலராக இருந்தார். சாஹிராக் கல்லூரி அப்படித்தான் வந்தது.