மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கும் ஊசிகள்

சித்தூருக்கு அடுத்த ஊரான வேலூரில், சி.எம்.சி. மருத்துவமனையில் 1971-இல் சிறுநீரக மாற்று அறுவை வெற்றி கண்டது. இன்று திருப்பதி ஸ்விம்ஸிலும் இச்சிகிச்சை உண்டு.

பெற்ற தாயே சிறுநீரகம் கொடுத்தாலும் உடம்பு அதை அந்நியப் பொருளாகவே தாக்கும். 1954-இல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே ஒத்த இரட்டையரிடையே மாற்றியதால் இந்தத் தொல்லை எழவில்லை. மற்றவர்கள் என்ன செய்வது? 1960களில் அசதயோபிரின் மாத்திரை வந்தது. 1966-இல் டென்வரில் தாமஸ் ஸ்டார்சல், குதிரை ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் பொருளை ஊசியாகப் போட்டார். பின்னர் முயலிலிருந்தும் எடுத்தார்கள். சமணனான எனக்கு இது சங்கடந்தான். ஆனாலும் பிழைத்தவர்களை நினைத்தால் வாய் அடைத்துப் போகிறது.

1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாசிலிக்சிமாப், ஆய்வகத்தில் வளர்க்கும் உயிரணுக்களில் தயாராவது. அறுவையன்று ஒன்று, நான்கு நாள் கழித்து ஒன்று, இரண்டே ஊசிகள்.

ஆனால் ஊசி காப்பது ஆரம்ப வாரங்களைத்தான்; மாத்திரையோ தினமும் வேண்டும். எங்கள் கடைவீதியில் ஒருவர், "ஊசிதான் போட்டாச்சே, உடம்பும் தேறிடுச்சே" என்று மாத்திரையை நிறுத்தினார். தம்பி கொடுத்த சிறுநீரகம் ஓராண்டுக்குள் போய்விட்டது. நம் குடும்பங்களில் யாருக்கும் அப்படி நேரவேண்டாம். டாக்டரைக் கேட்காமல் ஒருவேளை மருந்தைக்கூட விடாதீர்கள்.