லாவணி

போன ஞாயிற்றுக்கிழமை வலியசாலைக்கு ஃபோன் போட்டேன். பழைய வீட்டை விற்பதா வேண்டாமா என்று அண்ணாவோடு பேச ஆரம்பித்தது, "நீ எத்தனை தடவை வந்து பார்த்தே?", "என்னை எப்போ கேட்டே?" என்று முற்றிவிட்டது. அம்மா ஃபோனை வாங்கி, "ரெண்டு பேரும் என்னடா லாவணி பாடிண்டிருக்கேள்?" என்றாள். பக்கத்திலிருந்த என் பெண், "லாவணின்னா என்னப்பா?" என்றாள்.

கட்சிக்காரர்கள் மாறி மாறிக் குற்றம் சாட்டினால் 'லாவணிக் கச்சேரி' என்று பத்திரிகைகள் எழுதும். அசல் லாவணி மராட்டியப் பாட்டு. 1670களில் சிவாஜியின் மாற்றாந்தாய் மகன் ஏகோஜி தஞ்சாவூரைப் பிடித்தார். 1855 வரை நீடித்த அந்த மராட்டிய ஆட்சிக் காலத்தில் லாவணியும் அங்கே வேர் விட்டது. அவர்கள் ஊரில் சிவன் பெரிதா சக்தி பெரிதா என்று துரா, கல்கி என இரண்டு கட்சிகள் பாடும். நம் ஊரில் காமன் பண்டிகையில் அதுவே எரிந்த கட்சி, எரியாத கட்சி ஆனது. சிவன் மன்மதனை எரித்தாரா இல்லையா? டேப்பும் துந்தினாவும் முழங்க, விடிய விடியக் கேள்வியும் பதிலும் பாட்டிலேயே நடக்கும். ரதியின் கண்ணுக்கு மட்டும் அவன் தெரிவான் என்பது கதை. அதனால் இரண்டு கட்சிக்கும் நியாயம் உண்டு!

எங்கள் வலியசாலைக்கே ஒரு லாவணி உண்டு. ராஜராஜ சோழன் (985–1014) காந்தளூர்ச் சாலையில் 'கலமறுத்தான்' என்கின்றன கல்வெட்டுகள். அந்தச் சாலை எங்கள் காந்தளூர் மகாதேவர் கோயிலை ஒட்டியது என்பார் பலர். கலம் என்றால் கப்பல், சேரர் கடற்படையை அழித்தான் என்று ஒரு கட்சி. கலம் என்றால் உண்கலம், சாலை மாணவர்களின் சாப்பாட்டை நிறுத்தினான் என்று இன்னொரு கட்சி. நூறு வருஷமாகியும் தீரவில்லை.

ஆனால் ஒன்று. லாவணியில் எதிராளி பாடி முடிக்கும் வரை காதுகொடுத்துக் கேட்டால்தான் பதில் பாட முடியும். நாங்கள் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு அதை விட்டுவிட்டோம்.

இந்த ஞாயிறு அண்ணாவை முதலில் பேச விடப் போகிறேன்.