நித்தியகல்யாணியும் சுடுகாட்டு மல்லியும்

பனை வடலியையும் வழிப்போக்கர் சத்திரத்தையும் தன் பெயரிலேயே தாங்கி, சங்கரன்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் இடைப்பட்ட சாலையில் அமைந்திருக்கும் பனவடலிசத்திரத்தைப் போன்ற மானாவாரிச் சீமையில், முற்றத்துக்கு உகந்த பூச்செடி யாதென்று எவரேனும் வினவினால், நீர் குறைந்தாலும் வாடாததும், ஆடு மாடு வாய்வைக்காததும், பன்னிரண்டு மாதமும் வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஐந்து இதழ் விரிப்பதுமான நித்தியகல்யாணியையே நான் சொல்வேன்.

நித்தியம் என்பது என்றும் உள்ளது. கல்யாணம் வடமொழியில் மங்கலத்தையும் அழகையும் குறித்துப் பின்னர்த் தமிழ் வழக்கில் திருமணம் என்ற அளவில் சுருங்கிவிட்டது. திருவிடந்தையில் நாள்தோறும் மணம் புரிந்ததாகத் தலபுராணம் கூறும் நித்தியகல்யாணப் பெருமாளின் திருநாமத்தில் அந்தத் திருமணப் பொருள் ஒலிக்கிறது. செடியின் பெயரிலோ பழைய மங்கலப் பொருளே நிற்கிறது. பெயரின் பழமை கண்டு செடியும் நம் ஆதிச் செல்வமென்று மயங்கலாகாது. அதன் ஜன்ம பூமி மடகாஸ்கர் தீவு. தாவரவியலார் லின்னேயஸ் 1759இல் அதற்கு வின்கா ரோசியா என்று பெயரிட்டார். இன்று தாவர சாஸ்திரிகள் காதராந்தஸ் ரோசியஸ் என்கின்றனர்.

இச்செடிக்கே சுடுகாட்டு மல்லி என்றும் ஒரு பெயருண்டு. மலையாளத்தில் சவம்நாறி, சிங்களத்தில் மினீ மல், அதாவது பிணப்பூ. மங்கலமும் மயானமும் ஒரு செடியில் கூடியது விசித்திரமன்று. பேணுவாரின்றி ஓயாது பூக்கும் குணமே அதை மயானத்தில் நிலைக்கச் செய்தது, அக்குணமே நித்தியம் என்ற அடைமொழியையும் ஈட்டித் தந்தது என்பது என் துணிபு.

மருந்துக்காக இதை வயலில் பயிரிடுவோர் ஆறாம், ஒன்பதாம் மாதங்களில் இலை பறித்து, ஆண்டு முடிவில் உழுது வேர் எடுப்பர். வேரிலுள்ள அஜ்மலிசின் என்னும் மருந்துப் பொருள் யுனானி வைத்தியர் ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரைத் தாங்கியது. சர்ப்பகந்தி என்னும் மூலிகையில் அதனை முதலிற் கண்ட ரசாயன அறிஞர் சலீமுஸ்ஸமான் சித்திக்கி சூட்டிய பெயர் அது. இலையின் கதை இன்னும் பெரிது. ஜமைக்காவில் நீரிழிவுக்கு இதன் இலைக் கஷாயம் குடிப்பதறிந்து கனடாவில் ஆய்வாளர்கள் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் எலிகளுக்கு அதன் சாரத்தை ஏற்றினர். சர்க்கரை குறையவில்லை, இரத்தத்தின் வெள்ளணுக்களே குறைந்தன. அவ்வழியே 1958இல் வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்தும், பின்னர்க் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு உதவும் வின்கிரிஸ்டினும் கிடைத்தன.

ஆதலால் முற்றத்தில் தாராளமாக வளர்த்து, பூப்பறித்துச் சுவாமிக்குச் சாத்துங்கள். சர்க்கரை வியாதிக்கென்று அதன் இலையைக் காய்ச்சி அருந்துவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.