மொட்டைமாடி மீன்முள்ளும் ரெண்டு ஜப்பான்காரர்களும்

மொட்டைமாடியில மீன்முள்ளு மாதிரி அலுமினியக் குழாய்கள் நிக்குமே, காக்கா வந்து உட்கார்ந்தா டிவியில படம் ஆடுமே... ஞாபகம் இருக்கா மக்களே? கேபிளும் டிஷ்ஷும் வந்தப்புறம் அதை முக்கால்வாசிப் பேர் பழைய இரும்புக்கடைக்குப் போட்டுட்டாங்க. மிச்சம் மீதி இருக்கிறதுல துணி காயுது. ஆனா எஃப்.எம். சரியா எடுக்கலைன்னு புலம்புறவங்களுக்கு அது இன்னமும் உதவும். எப்படின்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்த மீன்முள்ளோட கதை.

பொறியியல் படிச்சவங்களுக்குத் தெரியும். "யாகி-உடா ஆன்டெனாவைப் படம் வரைந்து விளக்குக, 16 மதிப்பெண்." படம் வரைஞ்சோம், விளக்கினோம், மார்க் வாங்கினோம், மறந்துட்டோம். யாகி யாரு, உடா யாருன்னு எந்த வாத்தியாரும் சொன்னதில்லை, நாமளும் கேட்டதில்லை :-)

ஹிடெட்சுகு யாகி 1886-ல் ஒசாகாவில் பிறந்தவர். ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா என்று சுற்றிப் பெரிய ஆட்களிடம் பாடம் கேட்டுவிட்டு, செண்டாய் நகரத்தில் இருந்த தோஹோகு இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். ஷின்டாரோ உடா அவரை விடப் பத்து வயது இளையவர், அதே ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். 1920களின் நடுவில் இவங்க பிடிச்ச விஷயம், கேட்கும்போது ரொம்ப சாதாரணமாத் தெரியும். அலையை வாங்குற ஏரியல் பக்கத்துல, எந்த வயரும் இணைக்காத ஒரு வெறும் உலோகக் கம்பியை நிறுத்தினா, அந்தக் கம்பியும் அலையை வாங்கித் திருப்பி வீசும். கம்பி கொஞ்சம் நீளமா இருந்தா கண்ணாடி மாதிரி வேலை செய்யும், கொஞ்சம் குட்டையா இருந்தா லென்ஸ் மாதிரி. பின்னாடி ஒரு நீளக் கம்பி, முன்னாடி வரிசையா குட்டைக் கம்பிகள். அவ்வளவுதான். மின்சாரம் வேண்டாம், வால்வு வேண்டாம். ஒரே திசையிலிருந்து வரும் அலை மட்டும் பலமாகக் கிடைக்கும்.

1926-ல் ரெண்டு பேர் பெயரிலும் முதல் கட்டுரை வந்தது. அதுக்கப்புறம் சோதனைகளை விவரமா ஜப்பானிய மொழியில் வரிசையா எழுதினவர் உடா. காப்புரிமை மட்டும் யாகி பெயரில் பதிவாச்சு. 1928-ல் யாகி அமெரிக்கா போய்ப் பேசினார், ஆங்கிலத்தில் கட்டுரை போட்டார். அந்தக் கட்டுரையில் உடாவின் பங்கை அவர் சொல்லத்தான் செய்தார். ஆனா உலகம் படிச்சது யாகி பெயரைத்தான். பெயரும் "யாகி ஆன்டெனா"ன்னு நின்னு போச்சு. கோட் எழுதுறது ஒருத்தர், பிரசன்டேஷன் கொடுக்கிறது இன்னொருத்தர்... நம்ம ஆபீஸ் கதை 1928-லயே இருந்திருக்கு பாருங்க!

இதைவிடப் பெரிய வேடிக்கை, சொந்த நாட்டு ராணுவமே இதைக் கண்டுக்கலை. அமெரிக்காவும் பிரிட்டனும் கண்டுக்கிட்டாங்க.

1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் ஜப்பானியர்களிடம் விழுந்தது. அங்கே பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன ராடார் சாமான்களை ஜப்பானியப் பொறியாளர்கள் தோண்டித் துருவினார்கள். நியூமன் என்ற பிரிட்டிஷ் தொழில்நுட்பக்காரரின் குறிப்பேடு ஒண்ணு சிக்கியது. அதுல திரும்பத் திரும்ப ஒரு வார்த்தை: யாகி. ஏதாவது ரகசியச் சொல்லா, எப்படி உச்சரிக்கிறதுன்னே அவங்களுக்குப் புரியலை. கைதியா இருந்த நியூமனையே கூப்பிட்டுக் கேட்டாங்களாம். "நிஜமாவே தெரியாதா? இதைக் கண்டுபிடிச்ச ஜப்பான்காரர் பேருய்யா அது" என்கிற மாதிரி அவர் பதில் சொன்னதாக ஜப்பானில் இன்றும் இந்தக் கதையைச் சொல்வார்கள்.

இத்தோட முடிஞ்சிருந்தா சிரிச்சிட்டுப் போயிடலாம். 1945 ஆகஸ்ட் 6-ல் ஹிரோஷிமாவில் போட்ட குண்டும், 9-ல் நாகசாகியில் போட்ட குண்டும் தரையில் மோதி வெடிச்சவை அல்ல. குறிப்பிட்ட உயரத்தில், ஆகாயத்திலேயே வெடிக்கணும்னு செய்யப்பட்டவை. அந்த உயரத்தை அளக்கிற சின்ன ராடார்கள் குண்டுகளுக்குள்ளேயே இருந்தன. அந்த ராடார்களுக்கு ஏரியல்? யாகி ஆன்டெனா. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குக் கொஞ்ச நேரம் வேலை ஓடலை. நாம எழுதுற எதுவும் எங்கே போய் முடியும்னு நம்ம கையில இல்லைங்கிறதுக்கு இதைவிட உதாரணம் வேணுமா?

உடா என்ன ஆனார்? 1950களின் பிற்பாதியில் யுனெஸ்கோ நிபுணராக நம்ம டெல்லிக்கு வந்து, தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். ரெண்டு பேரும் 1976-ல்தான் காலமானார்கள், ஒரே வருஷத்தில்.

அதுக்கு முந்தைய வருஷம், 1975-ல், சென்னையில் டிவி வந்தது. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி ஆரம்பிச்சது, ஜப்பான் அரசு உதவியோட. கடலோர ஊர்கள்ல, தென் மாவட்டங்கள்ல நம்மாளுங்க உயரமான கம்பத்துல ஆன்டெனாவைக் கட்டி, தெற்கே திருப்பி, "இப்பத் தெரியுதா?"ன்னு மேலயிருந்து கத்தி, ரூபவாஹினி பார்த்தாங்க. ஜப்பான் காசுல நிலையம், ஜப்பான் மூளையில ஏரியல். ரெண்டுக்கும் நடுவுல கடலைத் தாண்டி எட்டிப் பார்த்தது நம்ம ஜனம்.

எஃப்.எம். விஷயத்துல நமக்கு ஒரு பெருமை உண்டு. இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23-ல் சென்னையில்தான் தொடங்கியது. அப்புறம் வந்த கோடைக்கானல் எஃப்.எம். (100.5) தென் மாவட்டம் பூராவும் கேட்டதுக்குக் காரணம் மலை. எஃப்.எம். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். 2,000 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் ரேடியோ அடிவானம் கணக்குப்படி 180 கிலோமீட்டர் வாக்கில் இருக்கும். அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறவங்களுக்குத்தான் நல்ல ஏரியல் தேவை.

சரி, சொன்னபடி அந்தக் கணக்கு. 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் 3 மீட்டர். அதில் பாதி 150 செ.மீ., நடைமுறையில் ஒரு அஞ்சு சதவீதம் குறைச்சு 143 செ.மீ. இதுதான் வயர் இணைக்கிற நடுக்குழாய். பின்குழாய் 150, முன்குழாய் 136. பின்குழாய்க்கும் நடுக்குழாய்க்கும் இடைவெளி 60 செ.மீ. வாக்கில், முன்னாடி கொஞ்சம் குறைச்சலா.

பழைய டிவி ஆன்டெனாவில் ரெண்டு ஜாதி. 2 முதல் 4 வரையான சேனல்கள் எஃப்.எம்.முக்குக் கீழே, 47-லிருந்து 68 மெகாஹெர்ட்ஸ். 5 முதல் 12 வரை எஃப்.எம்.முக்கு மேலே, 174-லிருந்து 230. முதல் ஜாதியில் குழாய்கள் நீளம், வெட்டிச் சரி பண்ணலாம். ரெண்டாவதுல எல்லாம் குட்டை, அது துணி காயப்போடத்தான். குழாயை வெட்டினா மட்டும் போதாது, இடைவெளியையும் அதே விகிதத்துல நகர்த்தணும். முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுறது இங்கேதான். நடுக்குழாய் மடிச்ச மாதிரி இருந்தா, முனைகளை வெட்டிட்டு மேல் கீழ் ரெண்டையும் அலுமினியப் பட்டையால் திரும்ப இணைச்சிடுங்க. அது 300 ஓம் கணக்கு. கோஆக்சியல் வயர்னா நடுவுல சின்ன பாலன் ஒண்ணு வேணும். படுக்கையா வச்சு ஒருதடவை, செங்குத்தா வச்சு ஒருதடவை கேட்டுப் பாருங்க, எது நல்லா வருதோ அதுவே சரி. கரண்ட் கம்பி பக்கத்துல கம்பத்தைத் தூக்காதீங்க. இடி மழைக்கு வயரைக் கழட்டிடுங்க.

இவ்வளவு எதுக்குங்கிறவங்க, 2000களில் வந்த போன்களை நினைச்சுக்கோங்க. இயர்போன் செருகினாதான் ரேடியோ ஓடும். காரணம், அந்த வயரேதான் ஏரியல். வயரைச் சுருட்டாம நீட்டி விட்டாலே பாதி இரைச்சல் போயிடும்.

ஒரே ஒரு வேண்டுகோள். இனிமே யாராவது "யாகி ஆன்டெனா"ன்னு சொன்னா, "யாகி-உடா"ன்னு திருத்துங்க. கம்பியை நகர்த்தி நகர்த்தி அளந்த மனுஷனுக்கு நம்மால ஆன மரியாதை அது.

எஃப்.எம்.மையே கண்டுபிடிச்சுட்டு, வழக்கு வழக்குன்னு அலைஞ்சு, 1954-ல் உயிரை விட்ட ஆர்ம்ஸ்ட்ராங் கதை இதைவிட சோகம். அது அடுத்த பதிவுல.